வெறியாட்டம்னு தலைப்பு போடுற செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பேப்பர்ல, டிவியில நியூஸ் டெஸ்க்ல உக்காந்து தலைப்பு எழுதுற ஆசிரியர்கள், சப் எடிட்டர்கள், யூடியூப் சேனலுக்கு தம்ப்நெயில் வாசகம் போடுற தம்பி தங்கச்சிங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஒரே ஒரு வார்த்தையப் பத்திப் பேசத்தான் இந்த மடல். வெறியாட்டம். வாரத்துல ஒரு நாளாவது இந்த வார்த்தை கண்ணுல படாம போறதில்ல. மர்ம கும்பல் வெறியாட்டம், போதை வாலிபர் வெறியாட்டம், சாதி வெறியாட்டம், நள்ளிரவில் ரவுடிகள் வெறியாட்டம், இப்படி எங்க வெட்டு குத்து நடந்தாலும், எங்க வீட்டைக் கொளுத்தினாலும், ஒரு பொண்ணுக்குக் கொடுமை நடந்தாலும் உங்க கை தானா இந்த வார்த்தைக்குத்தான் போகுது. அவசரத்துல எழுதுறீங்க, தலைப்புக்கு இடம் கம்மி, படிக்கிறவனுக்கு சட்டுனு ஒறைக்கணும், அதெல்லாம் புரியுது. ஆனா இந்த வார்த்தைக்கு ரெண்டாயிரம் வருஷக் கதை ஒண்ணு இருக்கு. அது ஒரு வழிபாட்டோட பேரு. அது எப்படி இங்க வந்து சேந்துச்சுன்னு தெரிஞ்சா, எந்தச் செய்திக்கு இத வைக்கிறோம், வைக்கிறதால யாருக்கு லாபம்னு நீங்களே ஒரு நிமிஷம் யோசிப்பீங்கன்னு நம்பித்தான் எழுதுறேன், பொறுமையாப் படிங்க.

தொல்காப்பியத்துல புறத்திணையியல்ல ஒரு வரி, "வெறியறி சிறப்பின் வெவ்வாய் வேலன் வெறியாட்டு அயர்ந்த காந்தளும்"னு வரும். வேலன்ங்கிறது முருகனுக்கு ஆடுற பூசாரி. கையில வேல் வச்சிருப்பான், அதனால வேலன். அவன் மேல முருகன் எறங்கி ஆடுற ஆட்டத்துக்குப் பேருதான் வெறியாட்டு. சில எடத்துல வெறியயர்தல்னு சொல்லுவாங்க, முருகயர்தல்னும் சொல்லுவாங்க. வெறின்னா மணம்னும் ஒரு பொருள் உண்டு, முருகுன்னாலும் மணம்னு ஒரு பொருள் உண்டு. ஆக ரெண்டுமே நல்ல வாசனையோட சேந்து வாழ்ந்த வார்த்தைங்க.

ஆட்டம் எப்படி நடந்துச்சுன்னு பாக்கணும்னா அகநானூறு 22-ஆம் பாட்டப் படிக்கணும். பாடினவங்க பேரே வெறிபாடிய காமக்கண்ணியார். வெறியப் பத்திப் பாடினதாலயே பேருக்கு முன்னாடி அந்த அடைமொழி ஒட்டிக்கிச்சு, அகநானூறு 98-உம் அவங்களோடதுதான். கதை என்னன்னா, மகள் நாளுக்கு நாள் மெலியுறா, கை வளை கழண்டு விழுது, அம்மாவுக்கு என்னன்னு புரியல. ஊர்ல குறி சொல்ற வயசான பொம்பளைங்ககிட்ட கேக்குறா. "நெடுவேளை, அதாவது முருகனைக் கும்பிட்டா இவ சரியாயிருவா"ன்னு அவங்க சொல்றாங்க. உடனே ஏற்பாடு நடக்குது. களத்த நல்லா அமைக்குறாங்க, கண்ணி சூட்டுறாங்க, வீடு அதிரப் பாடுறாங்க, பலி கொடுக்குறாங்க, செந்தினைய ரத்தத்தோட கலந்து தூவுறாங்க. "முருகாற்றுப்படுத்த உருகெழு நடுநாள்"னு பாட்டுல வருது. நடுராத்திரி, பாத்தாலே பயம் வர்ற நேரம், முருகனைக் கூப்பிட்டு வரவைக்கிறாங்க.

இங்க ஒண்ணு கவனிங்க. அந்த ஆட்டத்துக்கு ஒரு எடம் இருக்கு, களம் போட்டுத்தான் ஆடணும். ஒரு நேரம் இருக்கு. ஒரு காரணம் இருக்கு, வீட்ல ஒருத்திக்கு ஒடம்பு சரியில்ல, அவ நல்லாகணும். ஆடுறவன் ஊர் அறிஞ்சவன், ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவன். கழங்குக் காய உருட்டிக் குறி பாக்குறது, சாமி எறங்குறது, வாக்கு சொல்றது, சாமி மலையேறிப் போறதுன்னு தொடக்கமும் முடிவும் உள்ள காரியம் அது. ஐங்குறுநூத்துல கபிலர் இதுக்குன்னே பத்து பாட்டு எழுதியிருக்காரு, வெறிப்பத்துன்னு பேரு, 241-லேர்ந்து 250 வரைக்கும். திருமுருகாற்றுப்படையில முருகன் எங்கெல்லாம் இருக்கான்னு சொல்லிட்டு வர்றப்ப "வேலன் தைஇய வெறியயர் களனும்"னு இந்தக் களத்தையும் சேத்துத்தான் சொல்லுது. ஆத்துல, கொளத்துல, கடம்ப மரத்துல, ஊர்ப் பொதுவிடத்துல இருக்கிற முருகன் வெறியாடுற களத்துலயும் இருக்கான்னு அர்த்தம். அந்த எடம் கோயிலுக்குச் சமம்.

அதே சமயம் அந்தக் காலத்து ஆளுங்க எல்லாத்தையும் கண்ண மூடிட்டு நம்பினாங்கன்னும் நெனச்சுக்காதீங்க. எனக்கு இந்தப் பாட்டுங்க மேல இவ்வளவு பிரியம் வந்ததுக்குக் காரணமே அதுதான். வெறியப் பத்தின பாட்டுகள்ல பாதிக்கு மேல வேலனைக் கேள்வி கேக்குற பாட்டுங்க. ஏன்னா பொண்ணுக்கு வந்தது காதல் நோய், தோழிக்கு அது தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. குறுந்தொகை 362-ல தோழி வேலனை நேராவே கேக்குறா. "முருகு அயர்ந்து வந்த முதுவாய் வேல, கோவிச்சுக்காத, ஒண்ணு கேக்கணும், பல நிறத்துச் சோறும் வச்சு, சின்ன ஆட்டுக்குட்டியக் கொன்னு, இவ நெத்தியத் தடவிப் பலி கொடுக்குறியே, இவள வாட்டுறவன் மலைநாட்டுக்காரன், அவன் மாலை போட்ட மார்பும் உன் பலியச் சாப்பிடுமா?" பாடினது வேம்பற்றூர்க் கண்ணன் கூத்தன். 'சினவல் ஓம்புமதி'ன்னு ஆரம்பிக்கிறா பாருங்க, மரியாதையும் கொறையல, கேள்வியும் கொறையல.

நற்றிணை 34-ல இன்னும் ஒரு படி மேல. அங்க தோழி வேலனை விட்டுட்டு முருகனையே புடிக்கிறா. இந்த நோய் உன்னால வந்ததில்லன்னு உனக்கே தெரியும், தெரிஞ்சும் வேலன் கூப்பிட்டான்னு கடம்ப மாலை போட்டுக்கிட்டு வெறி நடக்குற வீட்டுக்கு வந்துட்டியே, "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற, வாழிய முருகே". நீ கடவுளாவே இரு, ஆனா நிச்சயமா அறியாதவன்தான், நல்லா இரு முருகா! சாமிய மடையான்னு சொல்லிட்டு அதே மூச்சுல வாழ்கன்னும் சொல்ல முடிஞ்ச ஊரு இது. சிலப்பதிகாரத்துல குன்றக்குரவைப் பொண்ணுங்களும், அம்மா வெவரம் தெரியாம வேலனைக் கூப்பிட்டு வெறியாடச் சொல்றா, இது சிரிப்பா இருக்குன்னு பாடுவாங்க. ஆனா இந்த எல்லாப் பாட்டுலயும் வெறியாட்டுங்கிற வார்த்தைக்கு ஒரு கெட்ட பேரு கூட இல்ல. வைத்தியம் தப்பா இருக்கலாம், ஆள் தெரியாம செய்யலாம், ஆனா ஆட்டம் புனிதமானது, அதுல சந்தேகமே இல்ல.

ஒண்ணையும் மறைக்கக் கூடாதுன்னு இதையும் சொல்லிடுறேன். தொல்காப்பியர் வெறியாட்ட வச்ச எடம் புறத்திணை, அதாவது போர் சம்பந்தப்பட்ட எடம். சண்டைக்குப் போறப்பவும் வேலன் ஆடியிருக்கான். ரத்தம், பயம், ஆவேசம் எல்லாம் அந்த வார்த்தைக்குள்ள மொதல்லேர்ந்தே இருந்துச்சு. அப்பழுக்கில்லாத பூ மாதிரி இருந்த வார்த்தைய நீங்க வந்து கெடுத்துட்டீங்கன்னு நான் சொல்ல வரல.

அப்புறம் பக்தி காலம். இங்கதான் மொதல் திருப்பம். நம்மாழ்வார் திருவாய்மொழியில நாலாம் பத்து ஆறாம் திருவாய்மொழி, "தீர்ப்பாரை யாம் இனி"ன்னு தொடங்கும். அதே பழைய கதைதான். பொண்ணு வாடுறா, அம்மாமாரு வெறியாட ஏற்பாடு பண்றாங்க, தோழி வந்து தடுக்குறா. ஆனா இப்ப தடுக்குற காரணம் வேற. இவளுக்கு வந்தது திருமால் மேல வந்த காதல், நீங்க கருஞ்சோறும் செஞ்சோறும் களன் இழைத்து வச்சு என்ன பிரயோசனம், அவன் பேரச் சொல்லுங்க போதும், அவ எழுந்துருவாங்கிறா. அவரோட திருவிருத்தத்துல "இளந் தெய்வம் அன்று இது, வேல! நில் நீ"ன்னே ஒரு அதட்டல் வரும். பின்னாடி கோவை நூல்கள்ல வெறிவிலக்குறது ஒரு துறையாவே ஆயிடுச்சு, திருக்கோவையார்லயும் உண்டு. பழைய தோழி 'வேலா, இந்த நோய்க்கு இது மருந்தில்ல'ன்னா. புதுத் தோழி 'இந்தத் தெய்வமே சின்னத் தெய்வம், இந்த முறையே சரியில்ல'ங்கிறா. நம்மாழ்வார் பாட்டு அவ்வளவு அழகு, நான் அதக் கொறை சொல்ல வரல, ஆனா அந்த எடத்துலதான் வெறியாட்டு விலக்க வேண்டிய ஒண்ணா மாறுது.

முருகனும் மாறினான். களத்துலயும் கடம்பு மரத்துலயும் இருந்தவன் கல்கோயிலுக்குள்ள போனான், ஆகமம் வந்துச்சு, பலி வெளிய போச்சு, வேலன் செஞ்ச வேலைய வேற பூசாரி செய்ய ஆரம்பிச்சாரு. ஆனா ஆட்டம் நிக்கல. அது ஊர்க்கோயிலுக்கு, குலசாமிக்கு, கொடைன்னு சொல்ற கோயில் திருவிழாவுக்குப் போச்சு. பேரு மட்டும் மாறிடுச்சு. சாமியாடி, மருளாடி, அருள் வந்துச்சு, சாமி எறங்கிடுச்சு, தென் மாவட்டத்துல கோமரத்தாடி, இப்படி ஊருக்கு ஒரு பேரு. வெறியாட்டுங்கிற பேர யாரும் வழிபாட்டுக்குச் சொல்றதில்ல. வார்த்தை தனியாவும் வழிபாடு தனியாவும் பிரிஞ்சு போச்சு.

பிரிஞ்ச வார்த்தை என்னாச்சு? வெறின்னா அளவு மீறுனது, தன்னிலை மறந்ததுங்கிற பொருள் மட்டும் நின்னுச்சு. வெறிநாய் கடிச்சா ஊசி போடணும். யாழ்ப்பாணப் பக்கம் ஒருத்தர் வெறியில நிக்கிறார்னா குடிச்சிருக்காருன்னு அர்த்தம். மதவெறி, சாதிவெறி, இனவெறி, காமவெறி, கொலைவெறின்னு வரிசையா ஒட்டிக்கிச்சு. சாமி எறங்கின எடத்துல மதுவும் நோயும் கோபமும் எறங்கிடுச்சு. இதுல ஒரு நல்லதும் நடந்துருக்கு, பசங்க இப்ப 'வெறித்தனமா இருக்கு', 'வெறித்தனமா ப்ராக்டிஸ் பண்றான்'னு பாராட்டாச் சொல்றாங்களே, அது எனக்கு ரொம்பப் பிடிக்கும். தன்னையே முழுசா ஒரு வேலைக்குக் கொடுத்துட்டான்னு சொல்ற அந்தப் பேச்சு, தலைப்புல வர்ற வெறியாட்டத்த விட பழைய பொருளுக்குக் கிட்டக்க நிக்குது.

இது நமக்கு மட்டும் நடந்த கதையும் இல்ல. கிரேக்கத்துல தியோனிசஸ், திமித்தர் மாதிரி தெய்வங்களுக்குச் செஞ்ச ரகசியச் சடங்குகளுக்கு ஓர்கியான்னு பேரு. தீட்சை வாங்கினவங்க மட்டும் சேந்து செய்ற வழிபாடு அது. அந்தத் தியோனிசஸ் இத்தாலிக்கு பாக்கஸாப் போனான், பெருங்கூட்டம் சேந்துச்சு, ரோம் ஆட்சிக்குப் பயம் வந்துச்சு. கிமு 186-ல செனட் உத்தரவு போட்டு அடக்குனாங்க. அனுமதி இல்லாம ஆம்பளைங்க ரெண்டு பேர், பொம்பளைங்க மூணு பேருக்கு மேல இந்தச் சடங்குக்குச் சேரக் கூடாதுன்னு அதுல இருக்கு. அந்த உத்தரவு பொறிச்ச வெண்கலத் தகடு தெற்கு இத்தாலியில கெடச்சு இன்னைக்கும் வியன்னா மியூசியத்துல இருக்கு. ஒன்றரை நூத்தாண்டுக்கு மேல கழிச்சு லிவிங்கிற வரலாற்று ஆசிரியர் அந்தக் கதைய எழுதுறப்ப 7,000 பேருக்கு மேல இதுல சிக்கினதாவும், ராத்திரிக் கூத்து, குடி, கொலை எல்லாம் நடந்ததாவும் எழுதி வச்சாரு. ஆடுனவங்க எழுதுன ஒரு வரி நம்ம கைக்கு வரல, அடக்குனவங்க பக்கத்துக் கதைதான் நின்னுச்சு. இன்னைக்கு இங்கிலீஷ்ல ஆர்ஜின்னா கூட்டா நடக்குற காமக் கூத்துன்னுதான் எல்லாருக்கும் தெரியும். வெளிய நின்னு பாத்தவன் எழுதுனது உள்ள நின்னு ஆடுனவனோட வார்த்தைய முழுங்கிடுச்சு.

பக்கத்துலயே நேர் எதிரா ஒண்ணு இருக்கு. களியாட்டம்னு நீங்க எப்ப எழுதுவீங்க? பண்ணை வீட்ல மது விருந்து, போலீஸ் ரெய்டு, அப்பத்தான். ஆனா கேரளாவுல கண்ணூர், காசர்கோடு பக்கம் போங்க, தெய்யம், அதாவது சாமி வேஷம் கட்டி ஆடுற திருவிழாவுக்கே பேரு களியாட்டம்தான். பல வருஷத்துக்கு ஒரு தடவை பெருசா எடுத்தா பெருங்களியாட்டம். அங்க பாட்டிங்க குளிச்சு முழுகி, பிள்ளைகுட்டிங்களக் கூட்டிக்கிட்டு களியாட்டத்துக்குப் போறாங்க. தெய்யம் கட்டுறவங்க வண்ணான், மலையன் மாதிரி ஒடுக்கப்பட்ட சமூகத்துக்காரங்க, அதுல வேலன்னு ஒரு சமூகமே இருக்கு, அந்தப் பேரப் பாக்குறப்ப எனக்கு ஒடம்பு சிலிர்த்துச்சு. தெய்யம் நிக்கிற வரைக்கும் பெரிய வீட்டுக்காரங்களும் அவங்க முன்னாடி கையக் கட்டி நிக்கணும். பொட்டன் தெய்யம் சாதியப் பத்தி மூஞ்சிக்கு நேரா கேள்வி கேக்கும். ஒரே வார்த்தை, மலைக்கு அந்தப் பக்கம் சாமி, இந்தப் பக்கம் சாராயம். அந்தப் பக்கம் வார்த்தை பொழைச்சதுக்குக் காரணம் ஆடுறவங்க வாயிலயே அந்த வார்த்தை இன்னும் இருக்கு. இங்க வெறியாட்டு ஆடுறவங்க வாயிலேர்ந்து எப்பவோ போயிடுச்சு, அதனால அது உங்க கையில இருக்கு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வரேன்.

வார்த்தைய மீட்டுக் கொடுங்கன்னு கேக்கல, அது நடக்காது, மொழி ஆத்துத் தண்ணி. நான் கேக்குறது வேற. வெறியாட்டோட பழைய பொருள் முழுக்கப் போயிடல. ஒரு துண்டு இன்னும் உள்ள கெடக்கு. வெறியாடுறவன் தன் வசத்துல இல்ல, அவன் மேல வேற ஏதோ எறங்கியிருக்கு, செய்றது அவன் கெடையாது, இதுதான் வெறியாட்டுக்கு உயிரான பொருள். சாமி போயிடுச்சு, புனிதம் போயிடுச்சு, ஆனா 'அவன் தன் வசத்துல இல்ல'ங்கிறது மட்டும் பத்திரமா இருக்கு. அந்த வார்த்தைய எடுத்து ஒரு கொலைக்குத் தலைப்பா வைக்கிறப்ப, கொலை செஞ்சவனுக்கு நீங்க ஒரு சாக்கு எழுதிக் கொடுக்குறீங்க. அவன் செய்யல, வெறி செஞ்சுச்சு.

கீழ்வெண்மணிய எடுத்துக்கோங்க. 1968 டிசம்பர் 25 ராத்திரி, 44 பேரக் குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க, பெரும்பாலும் பொம்பளைங்களும் பிள்ளைங்களும். சாதி வெறியாட்டம்னு நாம இன்னைக்கும் எழுதுறோம். ஆனா அதுக்கு முன்னாடி நடந்தத வரிசையாப் பாருங்க. விவசாயக் கூலிங்க செங்கொடிச் சங்கம் சேந்தாங்க, கூலி நெல்லு கூடக் கேட்டாங்க. மிராசுதாருங்க தங்களுக்குன்னு ஒரு சங்கம் வச்சாங்க, வெளியூர் ஆளக் கொண்டுவந்து அறுப்பு அறுத்தாங்க, தகராறு மாசக்கணக்கா முத்துச்சு. அடுத்து துப்பாக்கியும் ஆளுமா வந்து எரிச்சாங்க. இதுல ஆவேசம் எங்க இருக்கு? இது கணக்கு. கூலி கேட்டவன் இனிமே வாயத் தொறக்கக் கூடாதுங்கிற கணக்கு. 1997-ல மேலவளவுல பஞ்சாயத்துத் தலைவராத் தேர்தல்ல ஜெயிச்ச முருகேசனையும் கூட இருந்தவங்களையும் பஸ்ஸ மறிச்சு வெட்டினாங்களே, அதுவும் எந்த பஸ்ல வர்றாங்கன்னு பாத்து வச்சு, எங்க நிறுத்தணும்னு தெரிஞ்சு செஞ்ச காரியம். பட்டப்பகல்ல, திட்டத்தோட. வெறியாட்டம்னு ஒரு வார்த்தை போட்டா அந்தத் திட்டம் மறைஞ்சுடுது. யார் கூடிப் பேசினா, யார் ஆயுதம் கொடுத்தா, யார் பஸ்ஸ நிறுத்துனான்னு கேக்க வேண்டிய வாசகன் 'ஐயோ, மனுசனுக்கு எப்படித்தான் இப்படி வெறி புடிக்குதோ'ன்னு உச்சுக் கொட்டிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிடுறான்.

ஆணவக் கொலையும் அப்படித்தான். சொந்தப் பொண்ண நயமாப் பேசி ஊருக்கு வரவச்சு, நாள் பாத்து, கூட்டாளி சேத்துக் கொல்றத ஆத்திரம், வெறின்னு எழுதுனா அது அப்பனோட வக்கீல் கோர்ட்ல பேச வேண்டிய வாதம். 'ஒரு வேகத்துல நடந்துருச்சு'ங்கிற அந்த வாதத்த தலைப்புலயே நீங்க இலவசமா எழுதிக் கொடுத்துடுறீங்க. பாலியல் கொடுமைச் செய்தியில காம வெறியாட்டம்னு போடுறது எல்லாத்தையும் விட மோசம். அங்க நடந்தது அதிகாரம், மெரட்டல், பல நேரம் தெரிஞ்சவனே நம்பவச்சு செஞ்ச துரோகம். 'வெறி வந்துச்சு, கட்டுப்படுத்த முடியல'ங்கிறது குத்தவாளி சொல்ற சால்ஜாப்பு, அத நாமளும் திருப்பிச் சொல்லணுமா?

சரி, இன்னொரு பக்கம். கிராமத்துக் கொடையப் பத்திச் செய்தி போடுறப்ப நீங்க எழுதுறது. தீச்சட்டி, அலகு, கெடா வெட்டு, சாமியாட்டம்னாலே பேய் படத்து மியூசிக்க பின்னாடி போட்டு 'ரத்தம் குடிக்கும் பூசாரி, ஊரை மிரள வைக்கும் வெறியாட்டம்'ங்கிற மாதிரி ஓட்டுறீங்க. எங்க ஊர்ப் பக்கம் கோமரத்தாடியா இருந்த எங்க பெரியப்பாவ எனக்கு நல்லாத் தெரியும். கொடைக்குக் கால்நாட்டுனதுலேர்ந்து வீட்ல அவருக்குத் தனிச் சொம்பு, தனிப் பாய். செருப்பு போட மாட்டாரு, கடையில டீ குடிக்க மாட்டாரு, யாரையும் கடுஞ்சொல் சொல்ல மாட்டாரு, பெரியம்மா கூட அவருகிட்ட அந்த நாள்ல எட்ட நின்னுதான் பேசுவாங்க. கொடை அன்னைக்கு வில்லுப்பாட்டுல சாமி பொறந்த கட்டம் வந்து குடத்துல அடி வேகமாகுறப்ப மொதல்ல அவரு பெருவிரல் மட்டும் தரையில தட்டும், அப்புறம் தோளு, அப்புறம் ஒரு சத்தம் வரும், குலவை போடுவாங்க, அதுக்கப்புறம் அது பெரியப்பா கெடையாது. ஊர்ல எதுக்கும் மதிக்கப்படாத கெழவிங்க எல்லாம் முன்னால வந்து 'ஏன்டா என் மகனக் கொண்டுபோன, ஒனக்கு என்ன கொறை வச்சேன்'னு சாமியப் பிடிச்சு உலுக்குவாங்க. சாமி பதில் சொல்லணும். சொல்லிட்டுத் திருநீறு பூசிவிடும். ஒரு ஆளு மேலயும் அடி பட்டு நான் பாத்ததில்ல, அரிவாள் மேல ஏறி நிக்கிறப்பவும் சுத்தி நின்னு புடிக்க ஆளு இருக்கும். கடைசியில தண்ணி தெளிச்சா முடிஞ்சுது, மறுநாள் காலையில அவரு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருப்பாரு. நற்றிணைத் தோழி முருகனைத் திட்டுனாளே, அந்தப் பொண்ண நான் எங்க ஊர்க் கெழவிங்ககிட்டப் பாத்துருக்கேன்.

இந்த வழிபாட்டக் காட்டுமிராண்டித்தனம்னு பேசுறது ரொம்ப நாளா நடக்குது. ஆடு கோழி பலிக்கு எதிரா 1950-ல போட்ட சட்டம் ஒண்ணு தூங்கிக்கிட்டு இருந்துச்சு, 2003-ல அத எழுப்பி கண்டிப்பா நடத்தணும்னு அரசு உத்தரவு போட்டுச்சு, ஊர் ஊரா எதிர்ப்பு கெளம்பி 2004-ல அந்தச் சட்டத்தையே வாபஸ் வாங்கினாங்க. பலி வேணுமா வேணாமாங்கிறதுல எனக்கும் ஆயிரம் யோசனை உண்டு, அது வேற பேச்சு. ஆனா அந்த அஞ்சாறு மாசத்துல குலசாமி கும்பிடுற ஜனங்க குத்தவாளி மாதிரி ஒளிஞ்சு கும்பிட்டாங்க. தலைப்புல நீங்க வைக்கிற ஒரு வார்த்தை அந்த மாதிரி உத்தரவுக்கெல்லாம் முன்னாடியே ரோடு போட்டு வைக்குது.

ஆக, ஒரே வார்த்தைய ரெண்டு எடத்துலயும் தப்பா வைக்கிறீங்க. யோசிச்சு, கூட்டிப் பேசி, ஆயுதம் சேத்துச் செஞ்ச கொலைக்கு வெறியாட்டம்ங்கிறீங்க. விரதம் இருந்து, எல்லை வகுத்து, ஊரே காவல் நின்னு ஆடுற ஆட்டத்துக்கும் வெறியாட்டம்ங்கிறீங்க. கொலை செஞ்சவனுக்குப் பொறுப்பு தட்டிப்போகுது, சாமியாடுறவனுக்கு மானம் போகுது.

அதனால நான் கேக்குறது ரொம்பச் சின்னது. உங்க ஆபீஸ்ல எழுத்து நடைக்குன்னு ஒரு குறிப்பு வச்சிருப்பீங்க, எந்தச் சொல்லப் போடலாம் போடக் கூடாதுன்னு. ஒரு காலத்துல 'கற்பழிப்பு'ன்னு எழுதிக்கிட்டு இருந்தோம், பெண்கள் அமைப்புங்க சொல்லிச் சொல்லி, இப்ப நெறைய எடத்துல 'பாலியல் வன்கொடுமை'ன்னு மாத்தியாச்சு. மொதல்ல நீளமா இருக்குன்னு சொன்னாங்க, இப்ப யாரும் சொல்றதில்ல. அந்தக் குறிப்புல இதையும் சேருங்க. கொலைச் செய்திக்கும் பாலியல் கொடுமைச் செய்திக்கும் வெறியாட்டம் வேணாம். வெட்டினாங்கன்னா வெட்டினாங்கன்னு எழுதுங்க, எரிச்சாங்கன்னா எரிச்சாங்கன்னு எழுதுங்க. எத்தன பேரு, என்ன தகராறு, எத்தன நாளா மெரட்டல் இருந்துச்சு, முன்னாடியே போலீஸ்ல புகார் கொடுத்தாங்களா, கொடுத்தும் ஒண்ணும் நடக்கலயா, அதுல ஒண்ணத் தலைப்புக்குக் கொண்டுவாங்க. 'முன்விரோதத்தில் திட்டமிட்டுக் கொலை'ங்கிறது 'கும்பல் வெறியாட்டம்'ங்கிறத விட ஒரு வார்த்தை கூட இருக்கலாம், ஆனா அதுல செய்தி இருக்கு. காட்டு யானை தோட்டத்துக்குள்ள வந்தாலும் வெறியாட்டம்னு போடுறீங்க, அதையும் விட்டுருங்க, அது அதோட வழித்தடத்துலதான் பல நேரம் நடக்குது.

கொடைக்கு வர்ற நிருபருங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்க. அந்த ஊர்ல ஆட்டத்துக்கு என்ன பேரு சொல்றாங்கன்னு கேட்டு அதையே எழுதச் சொல்லுங்க. அருளா, மருளா, சாமியாட்டமா, எந்தச் சாமி, யார் ஆடுறா, எத்தன தலைமுறையா ஆடுறாங்கன்னு கேக்கச் சொல்லுங்க, பூசாரிங்க சந்தோஷமா உக்காந்து சொல்லுவாங்க.

பங்குனி உத்திரத்துக்குத் தென் மாவட்டம் பூரா சாஸ்தா கோயில்ல ஜனம் கூடும், உங்க கேமராவும் வரும். அப்ப உங்க டிக்கர்ல என்ன வார்த்தை ஓடுதுன்னு பாத்துட்டு மறுபடி எழுதுறேன்.

இப்படிக்கு,
தினமும் உங்க தலைப்பப் படிக்கிற வாசகர்